நல்ல சுவர்தான் என்று சொன்னேன்

சுவரை மறைத்து வினைல் பேனல் மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "இத்தன வருசத்துல நீங்க செஞ்ச பெரிய தப்பு எது அண்ணாச்சி?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆணியை இறுக்கி அடித்ததால் சித்திரை வெயிலில் பேனல் அப்பளம் போல உப்பிக்கொண்ட கதை எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

அப்படியும் ஒன்று நடந்தது. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு மாடி வீடு. வளைகுடாவில் கம்பெனிக் குடியிருப்புகளுக்கு வினைல் பேனல் மாட்டிப் பழகிவிட்டு ஊருக்கு வந்திருந்த புதிது. மார்கழிக் குளிரில் மாட்டியது மாசி முடிவதற்குள் நெளிந்துவிட்டது. பிரித்து, திரும்ப மாட்டிக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதை நான் தப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது தெரியாமல் செய்தது. வேலை நன்றாகத் தெரிந்த பிறகு செய்த ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் புளியங்குடி ரோட்டுப் பக்கம் ஒருவர் கல்யாண மண்டபம் கட்டினார். மண்டபத்துக்காரர் என்றே சொல்கிறேன். மண்டபத்தின் வலப்பக்கம் வண்டி நிறுத்தும் காலியிடம். அந்த இடத்தை ஒட்டி அவருக்கே சொந்தமான பழைய தறிக்கூடம். தறிகளை விற்று வெகுகாலம் ஆகியிருந்தது. நடுவில் தடுப்புகள் எழுப்பி மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதன் பின்சுவர் மண்டபத்தைப் பார்த்திருந்தது. சாந்து பெயர்ந்து, பச்சை பிடித்து, பார்க்க அசிங்கமாக இருந்தது. காரில் வந்து இறங்குகிற ஆட்களின் கண்ணில் முதலில் படுவதே அந்தச் சுவர்தான்.

"மறைச்சிரு வே. ஆடித்தபசுத் திருவிழாவுக்குள்ள முடிஞ்சிரணும். முத முகூர்த்தம் அதுக்குப் பெறகுதான். சந்தனக் கலர்ல போடு" என்றார். பிறகு மண்டபத்தின் முகப்பைக் கையால் காட்டினார். "இது நல்லா வந்தா அதுவும் ஒனக்குத்தான்."

அந்த முகப்பு பெரிய வேலை. என்னோடு அப்போது மூன்று பேர் வேலை செய்தார்கள். மூவரும் குடும்பஸ்தர்கள். ஆறு மாதத்துக்கு வேலைக் கவலை இருக்காது என்று அங்கே நின்றபடியே நினைத்துக்கொண்டேன்.

எந்தச் சுவரில் பேனலைத் தாங்கும் ரீப்பர் சட்டம் அடிப்பதானாலும் முதலில் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுவேன். அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. என்னால் ஒருமுறை கெட்ட பெயர் அது. என் வயதுக்காரன். பத்து வருடமாக அவனுக்கு வருகிற வேலையை எனக்கும் எனக்கு வருகிற வேலையை அவனுக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். வந்தான். பூச்சுக் கரண்டியின் பிடியால் சுவரைத் தட்டினான். ஓரிடத்தில் தட்டும்போது சத்தம் மாறியது. மேல் மூலையிலிருந்து ஜன்னலின் கீழ்ப்பக்கம் வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. அவன் தன் சுண்டுவிரலை அதற்குள் விட்டு எடுத்தான். விரல் நுனியில் ஈர மண் ஒட்டியிருந்தது.

"மண் வச்சுக் கட்டுன சுவர் வே. தறி ஓடி ஓடி அதிர்ந்திருக்கு. அடியில தண்ணி எறங்குது. இடிச்சுட்டுக் கட்டணும். இத மூடாத."

"பூசி விட்டா நிக்காதா?"

"நிக்கும். எத்தன நாளுன்னு யாரு சொல்ல முடியும்? விரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சா, பெருசாவுறதாவது தெரியும். நீ மூடிட்டேன்னா உள்ள இருக்கவன் சாவுறது அவனுக்கே தெரியாது."

நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்துக்காரரிடம் போய்ச் சொன்னோம். அவர் கொத்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். "குடியிருக்கவங்கள எங்க அனுப்பச் சொல்லுத? தபசுக்கு இன்னும் ஒரு மாசம்கூட இல்ல. தபசு முடியட்டும், பாப்போம்." பிறகு என்னைப் பார்த்து, "நீ மாட்டுதியா, இல்ல ராஜபாளையத்துலருந்து ஆளக் கூப்பிடவா?" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். யாரும் என்னை மிரட்டவில்லை. யோசிக்க நேரமும் இருந்தது. 'நான் மாட்டாவிட்டால் இன்னொருவன் வந்து மாட்டத்தானே போகிறான்' என்று ஒரு எண்ணம் வந்தது. அது உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால்தான் அதைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. "மாட்டுதேன் அண்ணாச்சி" என்றேன்.

கொத்தனார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விரிசலைப் பூச வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நானே சிமென்ட் குழைத்து விரிசலை அடைத்தேன். ரீப்பர் அடித்தேன். அதன்மேல் பேனல் ஏற்றினேன். வேலை சுத்தமாக இருந்தது. வரிசை ஒன்றுகூடக் கோணவில்லை. தபசு சமயத்தில் மண்டபத்துக்கு வந்தவர்கள் அந்தச் சுவரின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்று மண்டபத்துக்காரர் போனில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

தபசு முடிந்தது. சுவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முகப்பு வேலையைத் தருவதாகச் சொன்னவர் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

மறுவருடம் ஆனி மாதக் கடைசியில் பேனலைக் கழுவக் கூப்பிட்டார். வண்டிப் புகையும் தூசியும் படிந்து சந்தன நிறம் மங்கிப்போயிருந்தது. சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ், கீழிருந்து மேலாகத் தேய்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கழுவும்போது ஒவ்வொரு வரிசையையும் உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பது என் பழக்கம். ஒழுங்காக மாட்டிய பேனல் கைக்கு லேசாக நகர வேண்டும்.

ஜன்னலுக்குக் கீழே நான்காவது வரிசை நகரவில்லை. ஐந்தாவதும் நகரவில்லை. கன்னத்தைச் சுவரோடு வைத்து ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பேனல் உப்பவில்லை. உள்ளே இருக்கிற சுவர் வந்து பேனலை முட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஜன்னல் வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். செல்வி என்று பெயர். நடு வீட்டில் குடியிருந்தாள். புருசன் லோடு ஆட்டோ ஓட்டினான். அவள் வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுத்தாள். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்கதான இந்தச் சுவத்துக்கு வேலை பாத்தது? உள்பக்கம் மண்ணு கொட்டிக்கிட்டே இருக்கு. தைக்கிற துணியெல்லாம் தூசி. காலைல எந்திரிச்சா மிஷின் மேல ஒரு கை மண்ணு கெடக்கு. ஓனர்ட்ட சொன்னா, பாப்போம் பாப்போம்னு சொல்லுதாரு. எதுவும் ஆயிராதுல்லா?"

பிரஷிலிருந்து சோப்புத் தண்ணீர் என் முழங்கை வழியாக வழிந்துகொண்டிருந்தது. பதினைந்து அடி தூரத்தில் மண்டபத்துக்காரர், முகப்புக்கான பேனல் மாதிரிகளை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான், "தபசு முடிஞ்சதும் ஆரம்பிச்சிரலாம்" என்று சொல்லியிருந்தார்.

"பழைய சுவருல்லாம்மா, சாந்து உதிரத்தான் செய்யும். ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் மிஷினில் உட்கார்ந்துகொண்டாள்.

மிஷினை எதிர்ப்பக்கம் நகர்த்திப் போடு என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. மண்டபத்துக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் நகர்த்தச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பயந்தேன். அன்று மாலை நான்காவது, ஐந்தாவது வரிசைகளின் ஆணிகளைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, சுவர் தள்ளியதற்குத் தகுந்தபடி பேனலையும் முன்னால் கொண்டுவந்தேன். தள்ளிப் பார்த்தேன், நகர்ந்தது. வயிறு கண்ணுக்குத் தெரியாதபடி மேல்வரிசைகளையும் சரிசெய்தேன். என் திறமை முழுவதும் அந்த இரண்டு மணி நேரத்தில் வெளிப்பட்டது.

புரட்டாசியில் தறிக்கூடத்தின் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது. மண்டபத்துக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டார். அவன் வந்து குழாயை மாற்றினான். கடைசி வீட்டுக்குப் பின்னால், அந்த விரிசலிலிருந்து இருபது அடி தள்ளித் தோண்டினான். வேலை முடிந்து போகும்போது பேனலைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்காரரிடம், "அந்தச் சுவத்த இன்னும் இடிக்கலயா அண்ணாச்சி?" என்று மறுபடியும் கேட்டிருக்கிறான். அவர் கூலியை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் வெயில் அடித்தது. காலை பதினோரு மணி இருக்கும். பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். சுவர் மண்டபத்துப் பக்கமாக அப்படியே உட்கார்ந்து விழுந்தது. அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆனால் சுவர் போனதும் அதன்மேல் தாங்கியிருந்த கூரையின் பனஞ்சட்டம் உள்ளே இறங்கியது. செல்வி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் அவளுடைய வலது முழங்காலுக்குக் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் மண்டபத்து வாட்ச்மேனும் சட்டத்தைத் தூக்கி அவளை வெளியே எடுத்தார்கள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் பிழைத்தாள். கால் பிழைக்கவில்லை.

எனக்குப் போன் வந்தபோது குருவிகுளத்தில் வேலையில் இருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நான் வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. செங்கல் குவியலுக்குள்ளே மிஷினின் இரும்புக் கால்கள் தெரிந்தன. கீழ்வரிசைப் பேனல்கள் நசுங்கிக் கிடந்தன. மேல்வரிசைகள் ஆணியிலிருந்து கழன்று, முழுசு முழுசாக வண்டி நிறுத்துமிடத்தில் சிதறிக் கிடந்தன.

மண்டபத்துக்காரர் முகமெல்லாம் வேர்த்து நின்றார். "ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் இருக்கு. இத ஒதுக்கு வே. பேனலக் கழுவி அந்தாண்ட அடுக்கிப் போடு, பெறகு ஆவும்" என்றார்.

கழுவ உட்கார்ந்தேன். முதல் பேனலைத் திருப்பியபோது பின்பக்கத்தில் ஒரு மண் தடம் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது, கொஞ்சம் தள்ளி. ஏழு பேனல்களை வரிசைப்படி தரையில் அடுக்கினேன். விரிசல் மேல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கியபடி அப்படியே பதிந்திருந்தது. சுவர் முட்டி முட்டி, ஈர மண் கசிந்து கசிந்து படிந்த தடம். அடியில் முதலில் படிந்தது காய்ந்து இறுகிக் கறுத்திருந்தது. அதன்மேல் படிந்தது ஈரம் காயாமல் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு நாளில், ஒரு மழையில் வந்த விரிசல் இல்லை அது என்று எழுதப் படிக்கத் தெரியாதவனும் சொல்லிவிடுவான்.

பேனலின் பின்பக்கத்தை யாரும் கழுவுவதில்லை. உங்களுக்குத் தெரியும். மண்டபத்துக்காரர் சொன்னதும் முன்பக்கத்தை மனதில் வைத்துத்தான். பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

நான் பின்பக்கத்தைக் கழுவினேன். இறுகியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஏழையும் கழுவினேன்.

பிற்பகலில் போலீஸ் வந்தது. மண்டபத்துக்காரர் அதற்குள் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தார். கொத்தனார் குழாய்க்காகத் தோண்டியபோது அஸ்திவாரத்தைக் கலைத்துவிட்டான், அதனால்தான் சுவர் போனது என்றார். கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார்கள். வந்து நின்றான். மண்டபத்து வாசலில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள்.

"நான் தோண்டுனது அங்கன சார், கடைசி வீட்டுக்குப் பின்னால. சுவர் விழுந்தது இங்கன. பேனல் மாட்டுறதுக்கு முன்னாலயே இதுல விரிசல் இருந்துச்சு. இடிக்கணும்னு நான் சொன்னேன். இவனும் பக்கத்துல இருந்தான்" என்று என்னைக் காட்டினான்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் பேனல் மாட்டுனவரா? மாட்டும்போது சுவத்துல விரிசல் இருந்துச்சா?"

என் கைவிரல்களின் நகக்கண்ணில் அந்த மண் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

இருந்தது என்று சொன்னால் அடுத்த கேள்வி, தெரிந்தும் ஏன் மூடினாய் என்பதுதான். என்னோடு வேலை செய்த மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள் என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. அந்த நிமிடத்தில் நான் மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தேன்.

"இல்ல சார். நல்ல சுவர்தான்" என்றேன்.

கொத்தனார் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "ஏலே" என்றான்.

கேஸ் என்று பெரிதாக எதுவும் ஆகவில்லை. பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவை மண்டபத்துக்காரர் பார்த்துக்கொள்வது, வீட்டைக் காலி செய்துவிடுவது என்று செல்வியின் புருசனிடம் கையெழுத்து வாங்கினார்கள். சுவரைத் தள்ளியவன் என்ற பெயர் கொத்தனாருக்கு வந்தது. வீட்டு வேலை எதற்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை. "அவனா? சுவரத் தள்ளி ஒரு பொம்பளயோட காலப் போக்குனாம்லா" என்று ஒரு டீக்கடையில் என் காதுபடப் பேசினார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த வைகாசியில் அவன் குடும்பத்தோடு கேரளாவில் புனலூர்ப் பக்கம் போய்விட்டான்.

மண்டபத்துக்காரர் அந்த இடத்தில் சிமென்ட் கல்லில் புதுச் சுவர் எழுப்பினார். கழுவி வைத்த பேனல்களைத் திரும்ப மாட்டச் சொன்னார். மாட்டினேன். முகப்பு வேலையும் எனக்கே வந்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் எனக்கு வேலை குறையவில்லை. "அந்த மண்டபத்து வேலை நீங்க செஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வந்தார்கள். தோள்பட்டை தேய்ந்து கையைத் தூக்க முடியாமல் போனதும் வேலையை விட்டேன். பேனல் வேலைக்காரர்கள் நீங்கள் எல்லாம் கூடி எனக்குச் சால்வை போட்டீர்கள். சுவரைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார் என்று என்னைப் பற்றி ஒருவர் மேடையில் பேசினார்.

சால்வை போட்ட மறுவாரம் செல்வியைத் தேடிப் போனேன். குருவிகுளத்துக்கு அந்தாண்டை அவளுடைய அம்மா ஊரில் இருக்கிறாள். கட்டைக்கால் பொருத்தியிருக்கிறாள். மிஷினை இடது காலால் மிதித்துத் தைக்கிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: விரிசல் இருந்ததை, வயிறு தள்ளியதை மறைத்ததை, பின்பக்கத்தைக் கழுவியதை, எஸ்.ஐ.யிடம் சொன்னதை.

அவள் தைப்பதை நிறுத்தாமல் கேட்டாள். நான் முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதுல எனக்குத் தெரியாதது அந்தக் கழுவுன சங்கதி மட்டுந்தான். மத்ததெல்லாம் அப்பவே தெரிஞ்சிருச்சு. மண்ணு கொட்டுதுன்னு ஒங்ககிட்டச் சொன்னவளே நான்தான? ஆஸ்பத்திரில கெடக்கும்போது போலீசு வரும், கேக்கும், சொல்லலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். என்னய யாரும் கேக்கல."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? கால் வரவா போவுது? அந்தக் கொத்தனாரு என்னயப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. நான் சொல்லியும் கேக்கலயேம்மான்னு அழுதாரு. அவர்ட்ட சொன்னியளா?"

"இல்ல" என்றேன்.

"பெறகு எங்கிட்ட எதுக்கு வந்திய?"

அவளே கொத்தனாரின் நம்பரைத் தந்தாள். பொங்கலுக்குப் பொங்கல் அவளிடம் பேசுவானாம். பஸ் ஸ்டாப்பில் நின்று கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. முழுவதையும் கேட்டான். பின்னால் கலவை மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. இந்த வயதிலும் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

"சரி, சொல்லிட்ட. அந்த மண்டபத்து வாசல்ல வந்து சொல்லுதியா? அன்னைக்கு நின்ன ஆளுகள்ல பாதிப் பேரு இன்னும் உசிரோடதான் இருக்காங்க. அவங்க முன்னால சொல்லு. நான் வாரேன்."

"சொல்லுதேன்" என்றேன்.

"நாளக் குறிச்சிட்டுக் கூப்பிடு வே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் நாள் குறிக்கவில்லை. என் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள், மண்டபத்துக்காரரின் மகன்தான் இப்போது தொழிலைப் பார்க்கிறான், அவனைப் பகைக்க முடியாது, எனக்கு ரத்த அழுத்தம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கிடைக்கிறது. அதற்குப் பதிலாக இதை உங்களுக்கு எழுதுகிறேன். இது எனக்குச் சுலபமாக இருக்கிறது. உங்களில் யாருக்கும் அவனைத் தெரியாது.